தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

காவிரியும் குடமுருட்டியும் வெண்ணாறும் வெட்டாறும் வடவாறும் பாய்ந்து வளஞ்செய்யும் தஞ்சை நாட்டை நெல் விளையும் நாடு என்று மட்டும் அறிந்தோர் அதன் பெருமையிற் பாதியையே அறிந்தவராவர். அந்நாட்டில் நெல்லோடு இசையும் விளைந்தது, மருத்துவமும் விளைந்தது. திருவாரூரிற் பிறந்த இசைவாணர் மூவருள் ஒருவராகிய தியாகராசர் 1847-ஆம் ஆண்டுவரை திருவையாற்றில் வாழ்ந்து பாடினார். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்தரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அமைத்து, வைத்திய ஏடுகளைத் திரட்டிக் காத்தார். அவரோடு ஒருசாலை மாணாக்கராய் இருந்த வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவ சமயப் பொருளைக் குறவஞ்சியாகவும் கீர்த்தனையாகவும் பாடி 1864-இல் இறைவனடி சேர்ந்தார். இசை, மருத்துவம், கிறிஸ்தவ பக்தி என்னும் இம்மூன்று கால்களும் ஒரே வயலில் வந்து பாய்ந்தாற்போல ஒருவரிடத்தே கூடின. அவரே ஆபிரகாம் பண்டிதர். அவரது வரலாற்றை நம் கல்லூரி மாணவ நண்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகின்றேன்.

பண்டிதர் தஞ்சையிற் பிறந்தவர் அல்லர். அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததும் இந்நாளில் தென்காசி மாவட்டத்தில் உள்ளதுமான சாம்பவர் வடகரை என்னும் சிற்றூரில், 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் தோன்றினார். ஆசிரியத் தொழிலுக்குப் பயிலும் பொருட்டுத் திண்டுக்கல் சென்று, ஆங்கு மிஷனரிமார் நடத்திய போதனாமுறைப் பாடசாலையிற் சேர்ந்தார். அவ்வூரில் சடையாண்டிப் பத்தர் என்பார் ஒருவரிடம் பிடில் வாசிக்கவும் இசையின் முறைகளை அறியவும் கற்றார். பாடசாலையிற் பாடஞ்சொல்லும் முறையையும், பத்தர் வீட்டிற் சுரம் சேர்க்கும் முறையையும் ஒருங்கே பயின்ற இளைஞர், பின்னாளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இசையைக் கணக்கிட்டுக் காட்டிக் கற்பித்தது வியப்பன்று.

அவரது இளமைக்காலம் இனிய காலமாய் இருந்ததில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் மறக்கவில்லை. பசியால் இறந்தோரினும் பசியைத் தொடர்ந்து வந்த வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இறந்தோர் பலர். அப்பொழுது பண்டிதருக்கு வயது பதினேழு முதல் பத்தொன்பது. அஃதாவது இதனைப் படிக்கும் நம்மிற் பலரது வயது. அக்காலத்தை ஒட்டியே அவர் மருந்து மூலிகைகளை நாடிச் சுருளிமலைக்குச் சென்றார். அம்மலையில் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரைக் குருவாகக் கொண்டு, சித்த மருத்துவத்தின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார். கிறிஸ்தவப் பாடசாலையிற் பயின்ற இளைஞர் ஒருவர் மலைவாழ் முனிவரிடம் மாணாக்கராதலைச் சிலர் ஐயுற்றிருக்கவும் கூடும். பண்டிதரோ அதனை மறைத்தாரல்லர். தம் வைத்தியசாலைக்குக் கருணாநிதி என்றும், மருந்துக்குக் கருணானந்த சஞ்சீவி என்றும், தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்றும், நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்றும் பெயரிட்டார். நன்றி மறவாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? தம் சமயத்தில் உறுதியாய் நின்றவரே பிறரிடம் பெற்ற நன்மையை அஞ்சாமல் உரைக்க வல்லவர் என்பதை இவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

1882-ஆம் ஆண்டு ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் நங்கையாரை மணந்தார். மறு ஆண்டு கணவனும் மனைவியும் தஞ்சை சேர்ந்து, லேடி நேப்பியர் பெண்பாடசாலையில் ஆசிரியராய் அமர்ந்தனர். பள்ளி நேரம் போக எஞ்சிய காலத்திற் பண்டிதர் நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து வந்தார். நாளடைவில் மருந்து வேண்டி வருவோர் மிகுந்தனர். 1890-ஆம் ஆண்டில் ஆசிரியத் தொழிலை விடுத்து, வைத்தியத்தையே முழுநேரத் தொழிலாக மேற்கொண்டார்.

ஆற்றுப்பாய்ச்சல் நாட்டில் நீரே உயிர் தருவது. நீரே உயிர் கவர்வதும் உண்டு. வாய்க்காலிற் குளித்து, வாய்க்கால் நீரையே குடித்து வாழ்ந்த சிற்றூர்களில் வாந்திபேதி புகுமாயின் தெருத்தெருவாய் அழுகுரல் எழும். அந்நோயின் கிருமியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து தெளிந்தது 1884-ஆம் ஆண்டிலேதான். ஆயினும் அவ்வறிவு மருந்தாகி நம் குடிசைகளுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அவ்விடைக்காலத்தில் ஏழை மக்கள் நாடிச் சென்றது நாட்டு வைத்தியரையே. பண்டிதரின் சஞ்சீவி மருந்துகள் தஞ்சை எல்லையைக் கடந்து இந்தியாவின் பல பகுதிகளிலும் இலங்கையிலும் பெயர் பெற்றன. அவற்றால் பெருஞ்செல்வம் சேர்ந்தது. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் பிறவும் பயிரிட்டார். அக்காலத்துச் சென்னைக் கவர்னர் சர் ஆர்தர் லாலி அத்தோட்டத்தைக் காண வந்தார். பின்னர்ப் பண்டிதர் நிறுவிய அச்சுக்கூடம் லாலி என்னும் பெயரையே தாங்கியது. அரசாங்கத்தார் ராவ் சாகிப் என்னும் பட்டத்தையும் அளித்தனர்.

இவ்வளவோடு அவர் வாழ்வு முடிந்திருப்பின், செல்வராய் வாழ்ந்த வைத்தியர் ஒருவர் என்று தஞ்சையார் சிலகாலம் பேசி மறந்திருப்பர். அவரை நாம் இன்றும் நினைப்பது வேறொரு காரணம் பற்றியதாகும்.

திண்டுக்கல்லிற் கற்ற இசை அவரை விட்டு அகலவேயில்லை. 1907-ஆம் ஆண்டு கருணாமிர்த சாகரத் திரட்டு என்னும் பாடல் நூலை வெளியிட்டார். இசை பயிலத் தொடங்குவோர்க்கு உதவும் பொருட்டு, இறைவனைப் போற்றும் கிறிஸ்தவப் பாடல்களைத் தமிழிலே இயற்றிச் சுரத்தோடு அமைத்தார். தமிழ்நாட்டிலே இசை கற்கப் புகுந்த பிள்ளை பொருள் விளங்காத மொழியிற் பாடித் தொடங்குதல் தகாது என்னும் கருத்து பின்னாளில் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அவ்வியக்கம் தோன்றுதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அக்கருத்தைச் செயலிற் காட்டினார் பண்டிதர்.

1911-ஆம் ஆண்டு அவர் இல்லத்தில் இருள் சூழ்ந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேலாக இல்லறத்திலும் பள்ளியிலும் உடனிருந்து துணைசெய்த ஞானவடிவு பொன்னம்மாள் உயிர்நீத்தார். எத்தனையோ இல்லங்களுக்கு மருந்து அனுப்பிய வைத்தியரின் இல்லத்திலும் மரணம் வாயிற்படி கேளாமல் நுழைந்தது. மருந்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நோயாளியினும் வைத்தியரே நன்கறிவர். ஆயினும் தம் வீட்டில் அதனை அறிதல் வேறு. இத்துயரைப் பண்டிதர் எவ்வாறு தாங்கினார் என்பதற்கு அவர் செயலே சான்றாக நிற்கின்றது. மறு ஆண்டாகிய 1912-இல், மே மாதத்தில், சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் இசைச் சங்கத்தைத் தஞ்சையிற் கூட்டினார். கிறிஸ்தவன் துயருறும்பொழுது நம்பிக்கையற்றவரைப் போல் துயருறான் என்பது நம் ஆலயங்களில் அடிக்கடி சொல்லப்படும் போதனை. சொல்லுதல் எளிது. துயரை ஆக்கமுள்ள தொழிலாய் மாற்றிய ஒருவரைக் காணும்பொழுதே அதன் பொருள் விளங்குகின்றது என்பது என் சிற்றறிவிற்கு எட்டிய கருத்து.

1912 முதல் 1916 வரை அச்சங்கம் ஏழு மாநாடுகளைக் கண்டது. வித்துவான்களை அழைத்து, உணவும் உறைவிடமும் அளித்து, செலவு முழுமையும் பண்டிதரே ஏற்றார். நோயாளிகள் மருந்துக்குக் கொடுத்த காசு இசைக்குத் திரும்பிற்று. அம்மாநாடுகளில் ஆராயப்பட்ட முதன்மையான வினா, ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் உள்ளன என்பதே. பரதரின் நாட்டிய சாஸ்திரத்தையும், பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சாரங்கதேவர் இயற்றிய சங்கீத ரத்னாகரத்தையும் பின்பற்றியோர் இருபத்திரண்டு என்றனர். பண்டிதர் அதனை மறுத்து இருபத்துநான்கு என்றார்.

இசை கல்லாத நண்பர்களுக்கும் விளங்குமாறு இவ்வழக்கைச் சிறிது கூறுவேன். சட்ஜத்தினின்று பஞ்சமம் ஒன்றரை மடங்கு ஒலிவேகம் உடையது. பஞ்சமத்தையே சட்ஜமாகக் கொண்டு அதன் பஞ்சமத்தைக் காணலாம். இவ்வாறு பன்னிருமுறை சென்றால், ஏழு ஸ்தாயி ஏறித் தொடங்கிய சுரத்துக்கே மீளுதல் வேண்டும். கணக்கோ அவ்வாறு வருவதில்லை. ஏழு ஸ்தாயிக்கு 128 மடங்கு. பன்னிரு பஞ்சமத்துக்கு ஏறத்தாழ 129.7 மடங்கு. சிறியதொரு மிச்சம் நிற்கின்றது. பண்டிதர் ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு சுரஸ்தானங்களாகவும், ஒவ்வொன்றையும் இவ்விரண்டாக்கி இருபத்துநான்கு சுருதிகளாகவும் வகுத்து, வட்டம் பிசகின்றி மூடுமாறு செய்தார். இதற்குச் சான்று தேடி அவர் வடமொழி நூல்களோடு நில்லாமல் சிலப்பதிகாரத்தை நாடினார். உ. வே. சாமிநாதையர் அக்காப்பியத்தை உரையோடு அச்சிட்டது 1892-இல். ஆய்ச்சியர் குரவையில் ஏழு மங்கையர் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் பெயர்பூண்டு வட்டமாய் நிற்பதை நாம் வகுப்பிற் படிக்கின்றோம். நமக்கு அது தேர்வுக்குரிய பகுதி. பண்டிதருக்கோ பழந்தமிழர் இசைக்கணக்கின் திறவுகோல்.

1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பரோடா மன்னர் ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடிற்று. பண்டிதர் தம் மகளார் மரகதவல்லி முதலாகிய குடும்பப் பெண்மணிகளோடு ஆங்குச் சென்றார். தம் கொள்கையை அவர் எடுத்துரைக்க, அப்பெண்மணிகள் பாடியும் வீணை வாசித்தும் அதனைச் செவிக்கு மெய்ப்பித்துக் காட்டினர். குடும்பப் பெண்கள் அவையேறிப் பாடுதலை இழிவென்று கருதியோர் மலிந்திருந்த காலம் அது. அறிஞர் அவையில் ஓர் ஆராய்ச்சிக்குச் சான்றாகத் தம் மகளையே நிறுத்திய தந்தையின் துணிவும், தளராமல் நின்ற மகளின் திறமும் போற்றற்குரியன.

1917-ஆம் ஆண்டு கருணாமிர்த சாகரத்தின் முதற்புத்தகம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் இசைவரலாறும், சுருதி ஆராய்ச்சியும், பழந்தமிழ் நூல்களின் இசைப்பகுதி விளக்கமும், யாழின் இயல்பும் கூறுவது. அதன் கூற்றுக்கள் யாவும் இன்று நிலைத்து நிற்கின்றன என்று கூறுதல் பண்டிதருக்குச் செய்யும் மரியாதையாகாது. உண்மையை நாடியவரை உண்மையாலேயே போற்றுதல் வேண்டும். குமரிமுனைக்குத் தெற்கே லெமூரியா என்னும் பெருநிலம் இருந்ததென்று அந்நாளில் நிலவிய கருத்தை அவர் ஏற்றெழுதினார்; இன்றைய நிலநூலார் அதனை ஒப்புவதில்லை. சுருதிகள் இருபத்துநான்கே என்பதையும் இசையறிஞர் யாவரும் ஏற்றாரல்லர். கமகத்தோடு அசையும் சுரத்தைச் சம அளவான படிகளுக்குள் அடக்கலாகாது என்போர் பலர். எனினும் தமிழ் நூல்களைக் கொண்டு தமிழிசையின் இலக்கணத்தை முறையாக ஆராயலாம் என்னும் வழியை வெட்டியவர் அவரே. அவ்வழியே பின்வந்தோர் நடந்தனர். அவரோடு மாறுபட்டோரும் அவ்வழியில் நின்றே மாறுபட்டனர்.

நூலின் இரண்டாம் புத்தகம் அச்சேறுமுன் பண்டிதருக்கு நாள் நெருங்கிற்று. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், அறுபது வயது நிரம்பிய அதே மாதத்தில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். வைத்தியர் சென்றார்; கைப்படி நின்றது. பரோடா அவையில் தந்தையின் பொருட்டுப் பாடிய மரகதவல்லி அம்மையார் அப்பணியை மறக்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1946-இல், இரண்டாம் புத்தகம் அவர் முயற்சியால் வெளிவந்தது.

இன்று தஞ்சைக்குச் செல்வோர் ஆபிரகாம் பண்டிதர் சாலை என்னும் பெயரைக் காணலாம். சென்ற விடுமுறையில் யானும் அச்சாலை வழியே நடந்தேன். மருந்துக்கடைகள் விளக்கொளியோடு திறந்திருந்தன; ஒரு கடை வாயிலில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் சீட்டைக் கையிற் பிடித்து நின்றார். பெயர்ப்பலகையை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பண்டிதரும் அதனை விரும்பியிருப்பார் என்று கருதுவதற்கில்லை; அந்தத் தாய்க்கு மருந்து கிடைத்ததா என்பதையே அவர் முதலில் வினவியிருப்பார்.

மாணவ நண்பர்காள்! நம்மிற் சிலர் மருத்துவராவோம், சிலர் ஆசிரியராவோம், சிலர் ஆலயத்திற் பாடுவோம். நோயில்லாத இல்லமும், இழப்பில்லாத வாழ்வும் நம்மில் எவர்க்கும் வாய்ப்பதில்லை. உடலுக்கு மருந்தும் உள்ளத்துக்குப் பாட்டும் இரண்டும் இறைவன் தந்தவையே என்று கொண்டு, கற்றதை மறைக்காமலும், பெற்றதைத் தனக்கென்றே பூட்டி வைக்காமலும், முடியாத வேலையை அடுத்தவர் கையில் நம்பிக்கையோடு விட்டுச் செல்லுதலே பண்டிதர் நமக்குக் காட்டிய நெறி. நம் நூல்நிலையத்திலும் இல்லத்திலும் அவர் நூலை ஒருமுறை திறந்து பார்ப்போமாக.