டி.டி.கே. ரோடு டி.டி.கே. யார்?

ஆழ்வார்ப்பேட்டை டி.டி.கே. ரோட்டில் பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நிற்கிறோமே, அந்த டி.டி.கே. யாருன்னு நம்ம பசங்களைக் கேட்டேன். குக்கர் கம்பெனி என்றார்கள். பாதி சரி!

1899-ல் பிறந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-ல் ஆரம்பித்த கம்பெனி, சோப்பு முதலான சாமான்களைக் கடைகடையாகக் கொண்டு சேர்த்தது. 1937-ல் அவர் சென்னை சட்டசபைக்குப் போனார். அப்புறம் அரசியல் நிர்ணய சபை. சட்ட வரைவுக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். ஆனாலும் 1948 நவம்பரில் சபையில் எழுந்து, ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், சுமை பூரா அம்பேத்கர் தலையில்தான் விழுந்தது என்று போட்டு உடைத்தார். ப்ராஜெக்ட்டை ஒருத்தன் செய்ய, ஆறு பேர் பெயர் போட்டுக்கொள்கிற நமக்கு இது உறைக்கணும் நண்பர்களே!

1956-ல் நிதி மந்திரி. தானே முதலாளியாக இருந்தவர், 1957-ல் பணக்காரர்கள் மேல் செல்வ வரி போட்டார். அதற்குள் எல்.ஐ.சி. பணத்தில் முந்த்ரா கம்பெனிப் பங்குகள் வாங்கிய விவகாரம் வெடித்தது. அதிகாரி செய்த காரியம் என்று வாதாடினார். எனக்கு அது பிடிக்கவில்லை. மந்திரிதான் பொறுப்பு என்றது சாக்ளா கமிஷன். 1958 பிப்ரவரியில் ராஜினாமா.

1962-ல் மறுபடி மந்திரி சபை, அடுத்த வருஷம் மறுபடி நிதி. யூனிட் டிரஸ்ட் வந்தது அப்போதுதான். 1974-ல் காலமானார். அதே ரோட்டு முனையில் மியூசிக் அகாடமி அரங்குக்கும் அவர் பெயர்தான்.