திரைக்குப் பின்னால் இருந்தோரைத் தேடிச் சென்றவர்

ஏமாற்றப்பட்ட கைம்பெண் ஒருவர் நம் வீட்டு வாசலில் வந்து அழுதால் நாம் என்ன செய்வோம்? ஆறுதல் சொல்வோம், செபிப்போம், கையில் இருப்பதைக் கொடுத்து அனுப்புவோம். பூனாவில் வாழ்ந்த ஒரு தாய் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இத்தகைய பெண்களுக்கு உதவ விரும்பினால் சட்டம் படி என்று தம் மகளிடம் கூறினார். அந்த மகள்தான் கொர்னேலியா சொராப்ஜி.

இவர் 1866ஆம் ஆண்டு நாசிக் நகரில் பிறந்தார். தந்தை பார்சி சமயத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவி, ஆங்கிலிக்கன் சபையில் குருவானவர். தாய் பிரான்சினா பூனாவில் பள்ளிகளைத் தொடங்கி நடத்தியவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரியான கொர்னேலியா, தேர்வில் முதலிடம் பெற்றும், பெண் என்பதற்காக இங்கிலாந்து செல்லும் அரசு உதவித்தொகையை இழந்தார். நல்லுள்ளங்கள் பணம் திரட்டி அவரை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினர். அங்கு 1892இல் சட்டத்தேர்வு எழுதினார். ஆனால் பட்டம் அவர் கைக்கு வர முப்பது ஆண்டுகள் ஆயின!

நாடு திரும்பியவருக்கு நீதிமன்றத்தின் கதவுகளும் திறக்கவில்லை. அக்காலத்தில் பர்தா முறையில் வாழ்ந்த பெண்கள் அயல் ஆண்களைப் பார்க்கக் கூடாது. சொத்து அவர்கள் பெயரில் இருக்கும், ஆனால் கணக்கும் சாவியும் பிறர் கையில் இருக்கும். ஆண் வழக்கறிஞரைச் சந்திக்க அவர்களுக்கு வழியில்லை. இவர்களுக்காகப் பெண் சட்ட ஆலோசகர் ஒருவர் தேவை என்று கொர்னேலியா பிரிட்டிஷ் அரசிடம் விடாமல் கேட்டு வந்தார். 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் துறையில் அவருக்கு அப்பணி கிடைத்தது. வாரிசுகளான சிறுவர்கள், பெண்கள் ஆகியோரின் ஜமீன்களை நிர்வகித்த அரசுத்துறை அது. 1922 வரை அங்கே உழைத்து, நூற்றுக்கணக்கான கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் துணை நின்றார். அவர்களுடைய வாழ்வை 1901 முதலே கதைகளாகவும் எழுதி வெளியிட்டார். 1934இல் தன் வரலாற்றையும் நூலாகத் தந்தார்.

ஆனால் அவரது வாழ்வில் இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி நீடிப்பதே இந்தியாவுக்கு நல்லது என்று அவர் நம்பினார். காந்தியடிகளின் இயக்கத்தை எதிர்த்தார். இந்தியரை இழிவுபடுத்தியதாகக் கண்டிக்கப்பட்ட, கேத்தரின் மேயோவின் 1927ஆம் ஆண்டு நூலுக்கும் ஆதரவு தெரிவித்தார். அதனால் உடன் உழைத்த பலர் அவரை விட்டு விலகினர். 1954இல் லண்டனில் காலமானபோது தாய்நாடு அவரை ஏறக்குறைய மறந்திருந்தது.

அன்பார்ந்தவர்களே, இவரை நாம் எப்படி மதிப்பிடுவது? தம்மை உயர்த்திய அதிகாரத்தின் குறைகளை அவர் காணத் தவறினார். நாமும் நமக்கு நன்மை செய்பவர்களின் தவறுகளுக்குக் கண்களை மூடிக்கொள்வதில்லையா? அதே வேளையில், யார் கண்ணிலும் படாத பெண்களை அவர் கண்டார். பல்லக்கிலும் படகிலும் ஏறி அவர்களைத் தேடிச் சென்றார். அவரது தவறை மறைக்கவும் வேண்டாம், அவரது தொண்டை மறக்கவும் வேண்டாம். நம் பங்கிலும் ஏதோ ஒரு வீட்டில், படித்துப் பார்க்காமலேயே பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் கைம்பெண் ஒருவர் இருக்கக்கூடும். இந்த வாரம் அவரைத் தேடிச் செல்வோமா?