பாடலுக்குப் பின்னால் ஒரு பெயர்

ஹிந்தித் திரைப்பாடல் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் பாடகர்களே. முஹம்மது ரஃபி, லதா மங்கேஷ்கர் ஆகியோரின் குரல்களை அம்மொழி தெரியாதவர்களும் அறிவர். அக்குரல்களுக்குச் சொற்களைத் தந்தவர் யார் என்று கேட்பவர் சிலரே. அந்தக் கேள்விக்கு வானொலியே பதில் சொல்ல வேண்டும் என்று போராடியவர் உர்தூக் கவிஞர் ஸாஹிர் லுதியான்வி.

இவரது இயற்பெயர் அப்துல் ஹை. 1921ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் திகதி பஞ்சாபின் லூதியானா நகரில் செல்வம் மிக்க நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். கணவரின் போக்கைச் சகிக்க இயலாத தாயார் சர்தார் பேகம், சொத்துச் சுகங்களைத் துறந்து மகனுடன் வெளியேறினார். பிள்ளையைக் கேட்டுத் தந்தை வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் தாயிடமே பிள்ளையை விட்டது. அதன் பின்னரும் மகனைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற அச்சம் அத்தாயை விட்டு நீங்கவில்லை. வறுமையிலும் அவர் மகனைப் படிக்கவைத்தார்.

மாணவப் பருவத்திலேயே கவிதை எழுதத் தொடங்கிய அப்துல் ஹை, ஸாஹிர் எனப் புனைபெயர் சூடிக்கொண்டார். மாயவித்தைக்காரர் என்பது அந்த அறபுச் சொல்லின் பொருள். கசப்புகள் எனப் பொருள்படும் ‘தல்கியான்’ என்ற அவரது முதல் தொகுப்பு, சினிமாவுக்கு வருமுன்பே அவருக்குப் புகழ் தேடித் தந்தது. பிரிவினைக்குப் பின் 1949இல் லாகூரிலிருந்து இந்தியா வந்த அவர், பம்பாயில் குடியேறினார். 1951இல் வெளிவந்த ‘பாஸி’ படப் பாடல்கள் அவரைத் திரையுலகில் நிலைநிறுத்தின.

அது வானொலியின் காலம். 1952இல் இந்தியத் தகவல் அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரமற்றவை எனக் கருதியதால், அகில இந்திய வானொலியில் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. நேயர்கள் நமது இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். அமீன் சயானி தொகுத்தளித்த ‘பினாக்கா கீத்மாலா’ கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகி இந்தியா முழுவதும் கேட்கப்பட்டது. ஈற்றில் 1957இல் இந்தியா ‘விவித் பாரதி’யைத் தொடங்கித் திரைப்பாடல்களை மீண்டும் வரவேற்றது.

ஆனால் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் சொல்லப்பட்ட இடத்தில் கவிஞர் பெயர் சொல்லப்படவில்லை. இது அநீதி என ஸாஹிர் வாதாடினார். அவரது முயற்சியால் பாடலாசிரியர் பெயரையும் வானொலி அறிவிக்கத் தொடங்கியது. அவர் பெற்ற இவ்வுரிமை எல்லாப் பாடலாசிரியர்களுக்கும் பயன்பட்டது. இந்தப் பிடிவாதத்திற்கு அவர் விலையும் கொடுத்தார். 1957இல் வெளியான ‘பியாஸா’ படப் பாடல்களின் வெற்றி யாருக்குரியது என்ற பிணக்கில், இசையமைப்பாளர் எஸ். டி. பர்மனுடனான கூட்டு முறிந்தது.

தாயின் துயரத்தைக் கண்டு வளர்ந்தவர், அதைப் பாட்டிலும் மறக்கவில்லை. ‘ஸாதனா’ (1958) படத்தில், பெண்ணை விலைப்பொருளாக்கிய ஆணுலகைச் சாடினார். ‘தூல் கா பூல்’ (1959) படத்தில், கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்க்கும் முஸ்லிம் முதியவருக்காக, மத பேதம் கடந்த மனிதத்தைப் பாடினார். பொழுதுபோக்குக்காகப் படம் பார்க்க வந்த இலட்சக்கணக்கானோரின் வாயில் இவ்வரிகள் ஒலித்தன. நூல் வாங்கிப் படிக்க இயலாதவருக்கும் கவிதையைக் கொண்டு சேர்த்தது திரைப்பாடலே.

1971இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. திருமணம் செய்துகொள்ளாத ஸாஹிர், 1976இல் தாயார் மரணிக்கும் வரை அவருடனேயே வாழ்ந்தார். முஹம்மது ரஃபி மறைந்து மூன்று மாதம் நிறையுமுன், 1980 ஒக்டோபர் 25ஆம் திகதி மாரடைப்பால் காலமானார். ஜுஹு முஸ்லிம் மையவாடியில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். புதிய ஜனாஸாக்களுக்கு இடம் வேண்டி 2010இல் அவரது கல்லறையும் அகற்றப்பட்டது.

பெயர் பொறித்த கல் இன்றில்லை. எனினும் பாடலோடு கவிஞர் பெயரும் சொல்லப்படும்போதெல்லாம் அவரது உழைப்பு நினைவுகூரப்படுகிறது. நாமும் ஒரு பாடலை விரும்பிக் கேட்கையில், அதை எழுதியவர் யாரெனக் கேட்டறிவோமாக.