குப்பைக் குவியலின் சூட்டைக் கட்டுக்குள் கொண்டுவந்தவர்: யார் இந்த ஆல்பர்ட் ஹோவர்ட்?

குப்பையைக் குவிச்சு வெச்சா தானா உரமாகிடுமா? சூடு சரியா இல்லைன்னா நாற்றம்தான் மிஞ்சும். இதற்கு வழி சொன்னவர் ஆல்பர்ட் ஹோவர்ட்.

யார் இவர்?

1873-ல் இங்கிலாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1905-ல் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு தாவரவியலாளராக வந்தவர், இந்திய விவசாயிகளையே தன் ஆசான்களாக ஏற்றுக்கொண்டார்.

இந்தூரில் என்ன செய்தார்?

1924-ல் இந்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பேற்றார். சாணத்தில் பெரும்பகுதி வறட்டியாக அடுப்பில் எரிந்ததால், நிலத்துக்கு எரு போதவில்லை. அதனால் பயிர்க்கழிவுகளோடு கொஞ்சம் சாணம், மாட்டுக் கோமியம் ஊறிய மண், சாம்பல் சேர்த்து அடுக்கினார்.

சூட்டை எப்படிக் கட்டுப்படுத்தினார்?

நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது குவியலின் சூடு சுமார் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அதில் அழியும். தண்ணீர் அதிகமானா காற்று அடைபடும்; காய்ஞ்சு போனா நுண்ணுயிர்கள் முடங்கும். ரெண்டிலுமே சூடு இறங்கிடும். அதனால் ஈரம் பார்த்து, மூன்று முறை புரட்டிப்போட்டார். சுமார் 3 மாதத்தில் உரம் தயார்!

1931-ல் புத்தகமாக வெளிவந்த இந்த 'இந்தூர் முறை' பல நாடுகளுக்குப் பரவியது. 1934-ல் 'சர்' பட்டம் பெற்ற ஹோவர்ட், 1947-ல் மறைந்தார். இன்றைய பெரிய உரக்கிடங்குகளில் புரட்டுவது இயந்திரம்தான். ஆனால் கவனிப்பது அதே மூன்றைத்தான்: சூடு, ஈரம், காற்று.