வள்ளியாக வந்த குரல்

கதிர்காமம் ஊவா மாகாணத்தைச் சேர்ந்தது என்பதை மாகாணத்துக்கு வெளியே உள்ளோர் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. வள்ளியம்மை தினைப்புனம் காத்த இடம் எங்கள் மாகாணத்துத் தென்கோடியில் உள்ளது என்பது இங்குள்ள தமிழரின் உறுதியான நம்பிக்கை. அந்த வள்ளியின் கதையைச் சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணம் என்னும் நாடகமாக யாத்தார். அந்த நாடகத்தில் வள்ளியாக நின்று பாடிக் கொழும்பு மாநகரின் இரவுகளைத் தம் வசப்படுத்தியவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். அவருடைய வரலாற்றை எழுதுவோர் கொழும்பை இரண்டு வரிகளில் கடந்து அவ்வையாருக்குப் போய்விடுகின்றனர். தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாயிருந்த எனக்கோ அந்த இரண்டு வரிகளில்தான் மனம் நின்றுவிடுகிறது.

அவர் 1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தார். வறுமை மிகுந்த குடும்பம். புகைவண்டியில் பாடிப் பிழைத்த சிறுமியின் குரல் நாடக அன்பர்களின் செவியில் விழுந்தது; அவர் வேலு நாயர் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாக அவர் பாடியபோது சபையோர் கண்ணீர் உகுத்தனர் என்பர். அதிலே நடிப்புக்கு அவர் வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் தமிழக நாடகக் கம்பெனிகளுக்குக் கொழும்பு இன்னும் அருகாமையாயிற்று. அதே கப்பலில்தான் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரும் வந்தனர். வந்திறங்கிய பின்னரே வழிகள் பிரிந்தன. கொழும்பிலே மருதானையில் 1911இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் பார்சி நாடகத்தின் சாயலில் வளர்ந்த சிங்கள நூர்த்தி நடந்தது. ஜிந்துப்பிட்டியில் தமிழ்நாடகக் கொட்டகைகள் இரவெல்லாம் விழித்திருந்தன. செட்டியார் தெருக் கடைக்காரரும் துறைமுகத் தொழிலாளரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த இரவுகள் அவை.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகத்தின் இயல்பை இன்றைய மாணவர் அறிந்திருக்கமாட்டார். நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து ஒரே மேடையில் ஏற்றிவிடுவார்கள். கூட்டு ஒத்திகை என்பது கிடையாது. வேலனும் வள்ளியும் மேடையிலேயே வாதம் தொடுப்பர். ஒருவர் ஓர் இராகத்தில் கேள்வி விடுத்தால் மற்றவர் அதற்குச் சளைக்காமல் பாட்டிலே விடையிறுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லை, ஆர்மோனியத்தின் உச்சக் கட்டையைத் தொடும் குரல்தான் கடைசி வரிசைக்குப் பாலம். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் முடிவதற்குள் கோழி கூவிவிடும். அந்தக் கட்டையில் விடிய விடியப் பாடத் தொண்டை மட்டும் போதாது, அஞ்சாத நெஞ்சும் வேண்டும்.

அம்மையாருக்கு எதிரே வேலனாக நிற்க, 1926ஆம் ஆண்டையொட்டிச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா கொழும்புக்கு அழைக்கப்பட்டார். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தால் புகழேணியில் ஏறியிருந்தவர் அவர். அவருடைய குரலுக்கு முன்னே இந்தப் பெண் நிற்பாளா என்று சிலர் ஐயுற்றார்களாம். நின்றார், நின்றது மட்டுமன்று, கிட்டப்பாவைப் பாட்டுக்குப் பாட்டு ஈடு கொடுக்க வைத்தார். மேடையிலே முளைத்த பற்று 1927இல் மாயவரத்தில் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பா அந்தணர் குடியில் பிறந்தவர், முன்னரே மணமானவர். ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டுவதில்லை.

அந்த இரவுகள் எங்கள் மலைகளுக்கு எட்டினவா? கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. தூரம் ஏறத்தாழ 290 கிலோமீட்டர். தண்டவாளம் வந்ததே தவிர, லயத்துக் குடியிருப்பாளர் நாடகம் பார்க்க அதில் ஏறிப் போகும் நிலை வரவில்லை. தொழிலாளரைக் கடனால் கட்டிவைத்த துண்டு முறை 1921இல் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. அதன்படி 1929இல் உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. பணத்தினும் பெரிய தடை விடியற்காலை. நாடகம் மங்களம் பாடும் அதே பொழுதில் பிரட்டுக்களத்தில் தப்பு முழங்கும். களத்தில் நில்லாதவருக்கு அன்றைய பேர் இல்லை. இரவு என்பது கொழும்பில் வாங்கக்கூடிய சரக்கு. தோட்டத்திலோ அது துரையின் காலையிலிருந்து கடன் வாங்கியது.

ஆயினும் லயங்கள் ஊமையாய் இருந்தனவல்ல. மாசியில் காமன் கூத்து, பிறகு அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கதை எனத் தமக்குரிய அரங்கைத் தாமே அமைத்துக்கொண்டனர். சாராயக் கடையும் அந்திப் பொழுதுக்குக் காத்திருந்தது. அதே 1927இல், நவம்பர் மாதம், இலங்கைக்கு வந்த காந்தியடிகள் பதுளையிலும் பேசினார். தோட்டத் தொழிலாளரைக் குடியைக் கைவிடுமாறு வேண்டினார். சுந்தராம்பாளின் குரல் மலையேறியது இசைத்தட்டில். தட்டுக்கு உத்தரவுச் சீட்டு வேண்டியதில்லை.

குடி, மேடையின் நட்சத்திரத்தையும் விட்டுவைக்கவில்லை. கிட்டப்பாவின் உடலை அது அரித்தது. இல்லறத்திலும் பிளவு விழுந்தது. பிரிந்திருந்த கணவருக்கு அம்மையார் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சேறியுள்ளன. அவற்றைப் படித்தோர், மேடையில் எவருக்கும் தோலாத அந்த நா வீட்டின் மௌனத்துக்கு முன் எவ்வளவு தவித்தது என்பதை அறிவர். 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது இருபத்தேழு, அம்மையாருக்கு இருபத்தைந்து.

அன்று முதல் வெள்ளைச் சேலை. எந்த ஆடவனுடனும் இனி இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். காமன் கூத்தில் எரிந்த மன்மதனுக்காக ரதி புலம்பும் இடத்தில் எங்கள் லயத்துத் தாய்மார் இன்றும் விம்முவர். அந்த ரதிக்கு ஈற்றில் கணவன் மீள்கிறான். அம்மையாரின் கதையில் அப்படி ஒரு காட்சி எழுதப்படவில்லை. ஆயினும் அவர் மூலையில் முடங்கவில்லை. கைம்பெண் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்றிருந்த நாட்டில், வெண்ணீறு துலங்கும் நெற்றியோடு கச்சேரி மேடையில் ஏறினார். அவருடைய துணிவுகளில் இதனையே நான் முதலாவதாக வைப்பேன்.

1935இல் பக்த நந்தனார் என்னும் படத்தில் ஆண்வேடம் பூண்டு நந்தனாராக நடித்தார். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அம்மையாருக்குத் தரப்பட்ட ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். ஐம்பத்து நான்கு சதத்தை நினைவில் வைத்திருக்கும் வாசகர் இத்தொகையைக் கண்டு திகைக்கலாம். படம் வெற்றி பெறவில்லை. கல்கியின் பேனா அதனைக் கேலி செய்தது. எனக்கு அப்படம் வேறொரு காரணத்தால் பெரிது. தில்லையைக் காண ஒருநாள் உத்தரவு கேட்டு ஆண்டையின் முன் கைகட்டி நிற்கும் பண்ணையாள்தான் நந்தன். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. வகுப்பில் நந்தனார் சரித்திரத்தை விளக்கியபோது ஆண்டை என்னும் சொல்லுக்கு நான் பொருள் கூற வேண்டியிருந்ததில்லை. மாணவர் தாமாகவே துரை என்றனர்.

பின்னைய புகழ் யாவரும் அறிந்தது. காங்கிரஸ் மேடைகளில் விடுதலைப் பாட்டுகள், 1940இல் மணிமேகலை, 1951இல் சென்னைச் சட்ட மேலவையில் இடம், 1953இல் ஜெமினியின் அவ்வையார். நாற்பத்தைந்து வயதில் அவர் தாங்கிய அந்தக் கிழவி வேடமே தமிழர் மனத்தில் அவ்வையின் உருவமாயிற்று. பூம்புகார், திருவிளையாடல், துணைவன் என்று படங்கள் தொடர்ந்தன. துணைவனில் பாடியமைக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 1980இல் மறைந்தார்.

வேலனோடு வாதாடிய வள்ளியாகக் கொழும்பில் பாடிய பெண், வாழ்வின் பிற்பகுதி முழுவதும் முருகனையே பாடினார். ஆடி மாதத்தில் பதுளைத் தோட்டங்களிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாகக் கதிர்காமம் இறங்கும் பஸ் வண்டிகளில் அவர் பாட்டு ஒலிக்கும். இரவுப் பயணமாயின் பாதிப்பேர் உறங்கிவிடுவர். மறுநாட் காலை பேர் விழாதே என்ற கவலை சிலருக்கு இன்றும் உண்டு. ஆயினும் வண்டி நிறைந்தே போகிறது.