ஆட்டத்தை அடக்கிய கால்நடை டாக்டர்



கட்டை வண்டி தெரியுமா உங்களுக்கு? மரச்சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டை அடித்திருக்கும். கல்லும் முள்ளுமான பாதையில் அதில் போனால் இடுப்பு கழன்றுவிடும். அதே பாதையில் டயர் வண்டியில் போனால் அவ்வளவு குலுக்கல் இராது. மாடும் அதே மாடுதான், பாதையும் அதே பாதைதான். வேறுபாடு சக்கரத்தில் இருக்கிறது. காற்றடைத்த டயரை ஊரெங்கும் ஓடச் செய்தவர் பெரிய இன்ஜினியராக இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்த டாக்டர். பெயர், ஜான் பாய்டு டன்லப்.

ஸ்காட்லாந்து நாட்டில் ட்ரெகார்ன் என்றொரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1840 பிப்ரவரி 5 அன்று பிறந்தார் டன்லப். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்று பெற்றோர் சொல்லிச் சொல்லி, தன் உடம்பு மிகவும் பலவீனமானது என்றே அவர் நம்பிவிட்டார். ஆயுள் முழுவதும் உடம்பை அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயதிலேயே டாக்டராகிவிட்டார். 1867-இல் கடல் கடந்து அயர்லாந்துக்குப் போனார். பின்னர் பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவமனை வைத்தார். நல்ல கைராசிக்காரர் என்று பெயர் வாங்கினார். அந்த நாளில் காரும் இல்லை, லாரியும் இல்லை. ஊரே குதிரையை நம்பித்தான் ஓடியது. டாக்டருக்கு ஓய்வு ஏது?

அவருக்கு ஒரு மகன். அவன் பெயரும் ஜான்தான். ஏறக்குறைய உங்கள் வயதுப் பையன். அவனிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் சக்கரங்களில் காற்று கிடையாது. கெட்டியான ரப்பர் வளையம்தான் சுற்றியிருக்கும். பெல்ஃபாஸ்ட் தெருக்களிலோ செதுக்கிய கருங்கற்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள். அவற்றின் மேல் சைக்கிள் ஓட்டினால் கை, கால், தலை எல்லாம் தடதடவென்று அதிரும். பையன் பட்ட பாட்டை அப்பா பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், மாணவர்களே! வேறொருவராக இருந்தால் தெரு சரியில்லை என்று சொல்லியிருப்பார். மெதுவாக ஓட்டு என்று மகனை அதட்டியிருப்பார். டன்லப்போ அதிர்ச்சி எங்கே பிறக்கிறது என்று பார்த்தார். சக்கரம் கல்லைத் தொடும் இடத்தில்தான் பிறக்கிறது. கெட்டி ரப்பர் கல்லில் மோதினால் அது அமுங்குவதில்லை. அதனால் சக்கரமும் வண்டியும் மேலே உட்கார்ந்திருக்கும் பையனும் சேர்ந்து தூக்கி எறியப்படுகிறார்கள். சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஏதாவது இருந்தால்? அந்த மெத்தைக்குள் காற்று இருந்தால்? ரப்பரைக் கையாண்டு அவருக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு.

1887 அக்டோபரில் வேலையைத் தொடங்கினார். வட்டமான மரப்பலகை ஒன்றை எடுத்தார். மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டி அதன் விளிம்பில் சுற்றினார். குழாய் நழுவாமல் இருக்க மேலே துணியைச் சுற்றி ஆணி அடித்தார். பிறகு பம்ப்பால் காற்று அடித்தார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மகனின் சைக்கிளிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். தன் புதுச் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டார். வீட்டு முற்றத்தில் இரண்டையும் ஒன்றாக உருட்டிவிட்டார். சைக்கிள் சக்கரம் பாதி வழியில் நின்று சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தின் கடைசி வரை ஓடி, வாசல் தூணில் மோதித் திரும்பியது!

ஏன் அப்படி? கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் எகிறி எகிறித் தன் வேகத்தை இழக்கிறது. காற்றுச் சக்கரம் சிறு மேடுகளைத் தனக்குள் அமுக்கிக்கொண்டு மேலே போகிறது. குலுக்கல் குறைந்தது மட்டுமல்ல, வேகமும் கூடியது.  மகனின் சைக்கிளில் பின்சக்கரம் இரண்டுக்கும் காற்று டயர் போட்டார். பிறகு பெரிய சைக்கிளுக்கும் போட்டுப் பார்த்தார். 1888 டிசம்பர் 7 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை என்றால், கண்டுபிடித்தவரைக் கேட்காமல் பிறர் அந்தப் பொருளைச் செய்து விற்கக் கூடாது என்று அரசு தரும் உரிமை.

1889 மே 18. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழா. வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் போட்ட சைக்கிளோடு வந்தார். தொப்பை விழுந்தது போன்ற அந்தத் தடித்த டயரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பந்தயம் முடிந்தபோது அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. நான்கு சைக்கிள் பந்தயங்களிலும் ஹியூமே முதலாவதாக வந்தார்! அவரிடம் தோற்றவர்களில் ஹார்வி டூ குராஸ் என்பவரின் மகன்களும் இருந்தார்கள். தம் பிள்ளைகள் தோற்றதற்குக் காரணம் டயர்தான் என்று அந்தத் தந்தை புரிந்துகொண்டார். டன்லப்போடு சேர்ந்து டயர் செய்யும் கம்பெனியைத் தொடங்கினார்.

இனிமேல் டன்லப் பெரிய கோடீஸ்வரர் ஆகிவிடுவார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? கதை வேறு பக்கம் திரும்பியது.

காப்புரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகும் சமயத்தில், அது செல்லாது என்று டன்லப்புக்குத் தகவல் வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே காற்றுச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அப்போது அவருக்கு 23 வயது. லண்டனில் குதிரை வண்டிக்கு மாட்டி ஓட்டியும் காட்டினார். ஆனால் அந்த நாளில் சைக்கிளும் இல்லை, மோட்டார் வண்டியும் இல்லை. நல்ல மெல்லிய ரப்பர் கிடைப்பதும் அரிது. அதனால் ஊர் அதை மறந்தே போனது. தாம்சன் 1873-இல் இறந்துவிட்டார். அப்படி ஒருவர் இருந்ததே டன்லப்புக்குத் தெரியாது.

காற்று டயரை முதலில் நினைத்தவர் தாம்சன். அது நடைமுறைக்கு வரும்படி செய்து, உலகத்தை ஓட்ட வைத்தவர் டன்லப். இருவருக்கும் உரிய மரியாதையை நாம் கொடுக்க வேண்டும்.

காற்று டயரிலும் தொல்லைகள் இருந்தன. சக்கரத்தோடு சேர்த்து ஒட்டியிருந்ததால், பஞ்சர் ஆனால் கழற்றி ஒட்டுவது பெரும்பாடு. 1890-இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர், விளிம்பில் கம்பி வைத்து, கழற்றி மாட்டக்கூடிய டயருக்கு வழி கண்டார். இன்று உங்கள் சைக்கிள் டயரின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே கம்பி இருப்பது கைக்குத் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி. புதிதாக டயர் மாட்டிய பிறகு வண்டி முன்னைவிட அதிகமாக அதிர்ந்தால்? மலைப்பாதையில் ஓடும் ஜீப்புக்குக் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் போடுவார்கள். தார்ச் சாலையில் அதற்குச் சிறிது இரைச்சலும் அதிர்வும் இயல்பு. ஆனால் குறிப்பிட்ட வேகம் வந்ததும் ஸ்டியரிங் ஆடினால், சக்கரத்தில் ஒரு பக்கம் எடை கூடியிருக்கலாம். மெக்கானிக் அதை மெஷினில் சுழற்றி, எடை குறைந்த பக்கத்தில் சின்ன உலோகத் துண்டைப் பொருத்துவார். ஆட்டம் நிற்காவிட்டால் காற்றின் அளவு, நட்டுகளின் இறுக்கம், ரிம்மின் வளைவு, டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் மாற்றி மாட்டுவதும் உண்டு. ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டம் சீட்டுக்கு வந்துவிட்டால், குற்றவாளி அந்தச் சக்கரம்தான்! ஒன்றை மட்டும் மாற்றி, பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அன்று முற்றத்தில் இரண்டு சக்கரங்களை உருட்டிய டன்லப் செய்ததும் இதுதானே?

டன்லப் 1895-இல் டயர் கம்பெனியிலிருந்து விலகிவிட்டார். மறு வருடமே அந்த வியாபாரம் 30 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. டன்லப்போ பெரும் பணக்காரர் ஆகவில்லை. டப்ளின் நகரில் அமைதியாக வாழ்ந்தார். தன் உடம்பு பலவீனம் என்று நம்பிய அந்த மனிதர் 81 வயது வரை பெரிய நோய் ஏதும் இல்லாமல் இருந்தார் என்பதுதான் வேடிக்கை. 1921 அக்டோபர் 23 அன்று காலமானார். அவருடைய படத்தை வட அயர்லாந்து வங்கி ஒன்று தன் 10 பவுண்டு நோட்டில் அச்சிட்டுப் பெருமை செய்தது. அவர் பெயரோ டயர்களில் உலகெங்கும் உருண்டது.

மாணவச் செல்வங்களே! உங்கள் சைக்கிள் ஆடினால் உடனே அதைத் திட்டாதீர்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஆரக்கம்பிகளில் விரல் படாமல் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிரேக் கட்டைக்கு அருகில் ரிம் இப்படியும் அப்படியும் போய் வருகிறதா, டயர் ஓரிடத்தில் புடைத்திருக்கிறதா, காற்று குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் சைக்கிள் கடைக்காரருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஏன் ஆடுகிறது என்று ஒரு தந்தை கேட்ட கேள்வியால்தான் நாம் இன்று குலுங்காமல் பள்ளிக்கூடம் போய் வருகிறோம். நீங்களும் கேட்டுப் பழகுங்கள்!