கப்பலோட்டிய தமிழரும் ஆலைத் தொழிலாளரும்

வ.உ. சிதம்பரனார் என்றவுடன் நம் நெஞ்சில் தோன்றுவன கப்பலும் செக்குமே. இவ்விரண்டிற்கும் இடையே ஒன்பது நாள் நிகழ்ந்த ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்தம் வாழ்வின் திருப்புமுனை அங்கேதான் அமைந்துள்ளது.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாதர், பரமாயி இணையர்க்கு மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையைப் போலவே வழக்கறிஞரானார். ஏழை எளியவர்க்காக வாதாடிப் புகழ் பெற்றார். பின்னர்த் தூத்துக்குடியில் குடியேறிய அவர், அங்கிருந்து இலங்கைக்குச் செல்லும் கடல் வாணிகம் ஆங்கில நிறுவனம் ஒன்றன் பிடியில் இருத்தலைக் கண்டார். 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவாயிற்று. மூலதனம் 10 இலட்ச ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 இலட்ச ரூபாய்க்கு ஏற்றுத் தோள் கொடுத்தார். சமய வேற்றுமை கடந்த இக்கூட்டுறவு நாம் போற்றத்தக்கது.

1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. ஆங்கில நிறுவனமோ கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கட்டணமின்றி ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பெரும்பொருள் படைத்தோர் இழப்பைத் தாங்குவர். சிறு பங்குகளால் எழுந்த நிறுவனம் எங்ஙனம் தாங்கும்? சுதேசி நிறுவனம் தள்ளாடத் தொடங்கியது.

இந்நிலையில் வேறொருவராயின் பிறர் துன்பத்தில் தலையிடாது தம் தொழிலைக் காத்திருப்பர். சிதம்பரனார் அங்ஙனம் இருந்தாரல்லர். தூத்துக்குடியில் ஆங்கிலேயர் நடத்திய கோரல் ஆலையில் தொழிலாளர் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்தனர். வார விடுமுறையும் இல்லை. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் முன் பேசினர். 1908 பிப்ரவரி 27ஆம் நாள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

அந்நாளில் தொழிற்சங்கமும் இல்லை. தொழிலாளரைக் காக்கும் சங்கச் சட்டமும் இல்லை. சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது 1918இல். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926இல். எனவே ஊரே சங்கமாக நின்றது. நன்கொடை திரட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்கு உணவு வழங்கப்பட்டது. போராட்டத்தைப் பழித்துரைத்த வழக்கறிஞர் ஒருவர்க்கு முடிதிருத்துவோர் பாதி மழித்த நிலையிலேயே பணிசெய்ய மறுத்தனர் என்பர். ஒன்பதாம் நாள் முடிவில் ஆலையார் இறங்கி வந்தனர். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிட்டியது.

இவ்வெற்றியை ஆட்சியாளர் பொறுத்திலர். மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனார் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். எவர் உரிமைக்காக அவர் பேசினாரோ, அத்தொழிலாளர் இப்போது கூலிக்காக அன்றி, அவர் பொருட்டே வேலையை நிறுத்தினர். நன்றி மறவாத நெஞ்சங்கள் அவை! நீதிமன்றம் விதித்த 40 ஆண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்தது. எனினும் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். கண்ணூர்ச் சிறையிலும் வாடினார். தலைவரை இழந்த நிறுவனம் 1911இல் கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. 1912 டிசம்பரில் விடுதலையான அவரை வறுமையே வரவேற்றது. அவ்வறுமையிலும் தமிழாய்வைக் கைவிட்டாரல்லர்; திருக்குறள் அறத்துப்பாலுக்கு அவர் கண்ட உரை 1935இல் வெளிவந்தது. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

ஆலைப் போராட்டத்தில் அவர் ஈடுபடாதிருந்தால் நிறுவனம் பிழைத்திருக்குமோ என்று வினவுவார் உளர். போட்டி நிறுவனத்தின் பொருள் வலிமையும் அரசின் பகையும் அதனை வாழவிட்டிரா என்பதே நம் கருத்து. அன்றியும், நாட்டின் பெயரால் தொழில் தொடங்கியவர் நாட்டு மக்களின் பசியைக் காணாது கண்மூடியிருத்தல் எங்ஙனம் பொருந்தும்? நலிந்த நிறுவனத்தைக் காக்கத் தொழிலாளர் வயிற்றைச் சுருக்குவதே முதல்வழி என எண்ணுவார்க்கு, தம் நிறுவனம் நலிந்த வேளையிலும் தொழிலாளர் பக்கம் நின்ற அச்செம்மலின் வாழ்வே விடையாகும். முதலும் உழைப்பும் ஒருங்கே தழைக்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை.